பதினேழுக்கு ஆட்சேபணை இல்லை

பெட்டியை இப்படிக் கொடுங்கள் சார், என் மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே கம்பியில் வைத்தால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே யார் தலையிலாவது இறங்கிவிடும். கீழே வைத்தால் அந்த அம்மாவின் மீன்கூடைத் தண்ணீர் படும். பயப்படாதீர்கள், கீழே போட்டுவிடமாட்டேன். இந்தப் பஸ்ஸில் இதைக் கீழே போடக் காரணம் உள்ள ஒரே ஆள் நான்தான். அதனாலேயே போடமாட்டேன்.

என்ன காரணம் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், அது வேறு. காரைமட்டம் போய்ச்சேர இரண்டரை மணி நேரம். ராத்திரி வேலைக்காரன் பகலில் ஒரு காது கிடைத்தால் விடமாட்டான்.

ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள். இந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குமட்டினால் மோந்து பார்க்கலாம். என் மனைவி கொடுத்தனுப்பினாள். "வர்றவரு கீழ ஊருக்காரரு, மலை ஒத்துக்காது. நம்ம சோத்துல கை வைக்க வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான்" என்றாள்.

பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன். சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. காரைமட்டம் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ராத்திரி தண்ணீர் விடுகிற ஆள் நான். பெயர் மருதை. இருபத்திரண்டு வருஷம். இந்தப் பெட்டிக்குள் இருக்கிற மெஷின் அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து அந்த வேலையைப் பார்க்கும். அதை மாட்ட வருகிறவரை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர ஆபீசில் ஆள் தேடினார்கள். பகலில் சும்மா இருக்கிறவன் யார்? தன் நாற்காலியில் உட்காரப் போகிறவரைத் தானே போய் அழைத்துவருகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது சார்.

உட்காருங்கள், உட்காருங்கள். ஏன் வேறு சீட் தேடுகிறீர்கள்? உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, கம்பெனி அனுப்பினால் வரவேண்டியதுதான். நகராட்சிக் கமிஷனர் மேலும் தப்பில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எழுத்துப்பூர்வமாக, என் கையெழுத்திலேயே, நகராட்சி ஃபைலில் இருக்கிறது.

கண்டக்டர் என்ன சொல்லிவிட்டுப் போகிறான், கேட்டதா? "என்ன மருதை, பகல்ல பாத்தா ஆளே அடையாளம் தெரியல." இதுதான் என் கதையே. அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். எனக்கு இரண்டரை மணி நேரம் வேண்டியிருக்கிறது.

கோல்ஃப் என்றால் நீங்கள் கார் வைத்திருக்கிறவர்கள் ஆடுவது என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பந்துக்காடு. வெள்ளைக்காரன் போட்டது, அப்புறம் நகராட்சி கைக்கு வந்தது. ஒன்பது குழி. உள்ளூர்க்காரன் முப்பது ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தால் ஆடலாம். கறிக்கடை பாய் ஆடுவார், தபால்காரர் ஆடுவார். கோல் சொந்தமாக வைத்திருப்பவர் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் இரவல்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாலாம் குழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் மயானப் பாதை போகிறது. பிணம் வந்தால் ஆடுகிறவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். ஆனால், அவர் குழிக்குப் பக்கத்தில் கடைசி அடிக்குக் குனிந்துவிட்டார் என்றால் தூக்கி வருகிறவர்கள் நிற்கவேண்டும். மேளமும் நிற்கும். பந்து உள்ளே விழுந்ததும் மேளம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். யார் போட்ட சட்டமோ. "செத்தவருக்கு அவசரம் இல்ல, பந்துக்குத்தான் அவசரம்" என்பார் போஜன் அண்ணன். ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். அறுபது வயதிலும் இரண்டு தோளிலும் பை மாட்டுவார்.

திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்குப் பந்துக்காடு ஊருக்கு. கம்பளி காயப்போடுவார்கள், மாடு மேயும், பெண் பார்க்கிற காரியம்கூட நடக்கும். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு அவ்வளவு பெரிய கூடம் வேறு எங்கே கிடைக்கும்?

என் வேலை ராத்திரி. கொடி நட்டிருக்கிற வட்டத்துப் புல் இருக்கிறதே, கிரீன் என்பார்கள், அதற்குத்தான் தண்ணீர். குழந்தை மாதிரிப் புல் சார் அது. கொஞ்சம் கூடினால் அழுகும், குறைந்தால் கருகும். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன். விரல் மட்டும் சில்லிட்டால் அது மேல்பனி, வேர் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். குதிகால் சில்லிட்டால் போதும், குழாயை மூடிவிடலாம். யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன சித்திரையில் திட்டம் வந்தது. முப்பத்தெட்டுக் கோடி.

நகராட்சி வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்திரண்டு பணிகள், எண் போட்டு. ஒன்று, கண்ணாடி ஓட்டல். இரண்டு, ராத்திரியிலும் ஆட அறுபது விளக்குக் கம்பம். நாலு, செயற்கை ஏரி, அதுவும் வருஷத்தில் பாதி நாள் குடையோடு நடக்கிற ஊரில். ஒன்பது, சுற்றிலும் ஒன்பதடி வேலி. பன்னிரண்டு, வாசலில் பதினைந்தடி உயரத்தில் சிமெண்டில் ஒரு பந்து. நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று தடவை படித்தேன். பந்துதான். டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு. பிணம் நாலு கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டும். திங்கட்கிழமை என்ற பேச்சே இல்லை.

ஊர் கொதித்தது. அதற்கு முன்பு ஊர் கொதித்து நான் பார்த்ததில்லை, குளிர் பிரதேசம். எஸ்தர் டீச்சர், ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ், கமிட்டி போட்டார். ஆட்சேபணை மனு எழுத யார் என்று கேட்டபோது போஜன் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன் எழுதட்டும் டீச்சர். எப்படியும் ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கிறான். எழுத்தும் அச்சு மாதிரி இருக்கும்."

எட்டாவதுக்கு மேல் படிக்காதவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். திட்டப் புத்தகம் நூற்று நாற்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ், ஆட வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போன பத்திரிகைகளிலும் ஒரு பழைய அகராதியிலும் பொறுக்கியது. அகராதியில் ஏ எழுத்துப் பக்கங்களை எலி தின்றுவிட்டது. அதனால் ஏ-யில் தொடங்குகிற சொல்லை இன்றுவரை நான் நம்புவதில்லை. ஒன்பது நாளில் படித்து முடித்தேன். தலைக்குள் ஒரு சின்ன வக்கீல் உட்கார்ந்துவிட்டான்.

நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. ஆட்சேபணையைப் பணி எண் குறிப்பிட்டே தரவேண்டும். ஆட்சேபணை தெரிவிக்கப்படாத பணிகள் பொதுமக்களால் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். இதைக் கண்டுபிடித்ததே நான்தான் சார். டீச்சருக்கே தெரியாது. "ஒண்ணையும் விட்டுடாதே மருதை, விட்டா அதைப் பிடிச்சுக்குவாங்க" என்றார். "ஒண்ணையும் விடமாட்டேன் டீச்சர்" என்றேன்.

பதினாறு வரை மளமளவென்று போனது. பதினேழு வந்தது. கணினி வழித் தானியங்கி நீர்ப்பாசனம்.

ஆமாம், உங்கள் பெட்டிதான்.

பேனா நின்றுவிட்டது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. பதினேழுக்கு என்னைவிட நன்றாக யார் எழுத முடியும்? குதிகாலைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதலாம். ஆனால் ஒரு யோசனை வந்தது. இதை நான் எழுதினால் ஊர் என்ன சொல்லும்? மயானம், மாடு, திங்கட்கிழமை எல்லாம் சும்மா, மருதை தன் பிழைப்புக்காகத்தான் இவ்வளவு துள்ளினான் என்று சொல்லாதா? பொதுக் காரியத்தில் சொந்தக் காரியம் கலந்தால் மனுவுக்கே தீட்டு இல்லையா?

விட்டுவிட்டேன். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு.

அன்றைக்கு விடிகாலை வீட்டுக்கு நடந்தபோது இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. பெருமைக்காகச் செய்யவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வழியில் பால்காரர் வணக்கம் சொன்னபோது, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவர் எனக்குப் பின்னால் வந்த கவுன்சிலருக்குச் சொல்லியிருக்கிறார்.

எலுமிச்சையை மோந்து பாருங்கள் சார், ஏழாவது வளைவு வருகிறது. இது கொஞ்சம் மோசமானது.

வீட்டில் என் மனைவி புஷ்பலீலா மனுவைப் படித்தாள். கேரட் கழுவுகிற ஷெட்டில் அவளுக்கு வேலை. கிளம்புகிற அவசரத்திலும் நின்று படித்தாள்.

"பதினாறுக்கப்புறம் பதினெட்டு வருது. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"பதினேழு நம்ம சொந்த விஷயம் லீலா."

"ஆமா, சோறுதான் சொந்த விஷயம். எழுதுங்க."

"ஊரு என்ன நினைக்கும்?"

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதான். தன்னலம்னு பேசமாட்டாங்களா?"

அவள் மனுவை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். "தியாகம் பண்ணுறதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல. அதை மொதல்ல விசாரிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கேரட் கழுவுகிறவளுக்குப் பொதுவாழ்க்கை என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் சமுதாயக் கூடத்தில். நானூறு பேர். ஸ்வெட்டர் வாசனையில் மூச்சு முட்டியது. கமிஷனர் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார், டீச்சர் என் மனுவிலிருந்து பதில் வாசித்தார். நான் எழுதிய வாக்கியங்கள் சார், மைக்கில். ஏரிக்கு, "வானம் இலவசமாகச் செய்துவரும் பணியை நகராட்சி விலைகொடுத்துச் செய்ய வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தேன். கூடம் சிரித்தது. வேலிக்குப் போஜன் அண்ணன் எழுந்து, "எங்கப்பன் போறப்ப தபால்காரரு அடிச்சு முடிக்கிற வரைக்கும் அவரைத் தோளில வச்சுக்கிட்டு நின்னேன். நாளைக்கு என்னையும் அந்த வழியாத்தான் தூக்கணும். வேலிக்கு மேல தூக்கிப் போடுவீங்களா?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. கமிஷனர் கண்ணாடியைத் துடைத்தார்.

பதினாறு முடிந்தது. டீச்சர் அடுத்த தாளைத் திருப்பினார், மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"பதினேழுக்கு ஆட்சேபணை இல்லையா?" என்றார் கமிஷனர்.

டீச்சர் என்னைத் தேடிப் பார்த்தார். "மருதை, விட்டுட்டியாப்பா? எழுதலைன்னா வாயால சொல்லு, குறிச்சுக்குவாங்க."

பாருங்கள், கடவுள் இரண்டாம் தடவையும் வாசலில் வந்து நிற்கிறார். எழுந்தேன். நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பதினேழுக்கு ஆட்சேபணை இல்லைங்க. அது ஊருக்கு நல்லதுதான்."

கை தட்டினார்கள். கமிஷனரே தட்டினார். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக எதிர்க்காத நியாயமான கமிட்டி என்று பாராட்டினார். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது. இப்போது ஊருக்குப் புரிந்திருக்கும், தன் வாயாலேயே தன் வேலையை விட்டுக்கொடுத்தவன் இவன் என்று. யாராவது எழுந்து, வேண்டாம் மருதை, உனக்காக நாங்கள் ஆட்சேபிக்கிறோம் என்று சொல்வார்கள், அப்போது நான் மறுக்கவேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். மறுப்பையும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

பக்கத்தில் மக்காச்சோளம் விற்கிற சரோஜாக்கா உட்கார்ந்திருந்தது. என்னைவிடச் சத்தமாகக் கோஷம் போட்ட அம்மா. என் தொடையைத் தட்டி, "ஏப்பா, பந்துக்காட்டுக்குத் தண்ணி வேற ஊத்துவாங்களா? பனியிலதானே அது பாட்டுக்கு முளைக்குது?" என்று கேட்டது.



பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை மறுபடி ஆட்சேபணை. பதினைந்து நாளில் முடிவு வந்தது. இருபத்தொரு பணிகள் கைவிடப்பட்டன. பதினேழு மட்டும் ஏற்கப்பட்டது. பட்டாசு வெடித்தார்கள். முப்பத்தெட்டுக் கோடியை நாற்பது லட்சமாக இறக்கிய ஊர் என்று பேப்பரில் வந்தது. கமிட்டி ஒரு நன்றி நோட்டீஸ் அடித்தது, வீட்டில் இன்னும் இருக்கிறது. டீச்சர், போஜன் அண்ணன், எல்லோர் பெயரும் போட்டுக் கடைசியில், "மனு எழுத உதவிய மைதான இரவுக் காவலர் மருதை" என்று.

காவலர் சார். டீச்சரிடம் போய்க் கேட்டேன். அந்த அம்மா நிஜமாகவே திகைத்துவிட்டார். "நீ அங்கே காவலுக்குத்தானேப்பா இருக்கே?" காவல். ஒன்பது குழி இருக்கிற இடத்தில் திருடன் எதைத் திருடுவான், குழியையா? "ஆமா டீச்சர்" என்றேன். வருத்தப்படுவார்களே என்று சொல்லிவிட்டேன். பிறகு ஆபீசிலிருந்து தாள் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து சேவை தேவையில்லை, அதுவரை கருவி பொருத்துபவருக்கு ஒத்துழைப்பு நல்கவும். அதைத்தான் இப்போது நல்கிக்கொண்டிருக்கிறேன்.

புஷ்பலீலா என்ன சொன்னாளா? ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கேரட் ஷெட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கிறாள். விரல் எல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கிறது. இன்று காலை எலுமிச்சம்பழத்தைக் கொடுக்கும்போது மட்டும் சொன்னாள். "மெஷினைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல. வர்றவருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இந்த ஒரு தடவை உங்களுக்காகக் கேளுங்க."

சரி, அது இருக்கட்டும். மெஷின் எப்படி, நிமிஷக் கணக்கிலா தண்ணீர் விடும்? கம்பெனி கொடுத்த கணக்குத் தாளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஒன்று, பத்து நிமிஷம். இரண்டு, பத்து நிமிஷம். மூன்று... என்ன சார் இது, ஒன்பதுக்கும் பத்துப் பத்து நிமிஷம் போட்டிருக்கிறீர்கள்? கம்பெனியில் அப்படித்தான் வைத்து அனுப்புவார்களா? ஏழாம் கிரீனுக்கு அடியில் ஊற்று இருக்கிறது. பத்து நிமிஷம் விட்டால் ஒரு வாரத்தில் அதில் நாற்று நடலாம். பேனா இருக்கிறதா? எழுதுங்கள்.

ஒன்று, எட்டு. இரண்டு, ஒன்பது, அது மேடு. மூன்று, எட்டு. நாலுக்குச் சேர்ந்தாற்போல் விடாதீர்கள். பிணம் தூக்கி வருகிற கூட்டம் மிதித்து மண் இறுகியிருக்கிறது, தண்ணீர் உடனே இறங்காது. மூன்று நிமிஷம், அரை மணி நேரம் சும்மா, மறுபடி மூன்று. யாராவது தவறிப்போன மறுநாள் இன்னும் ஒரு மூன்று. மெஷினுக்குச் சாவுச் செய்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை, அதை நீங்கள் யோசியுங்கள். ஐந்து, ஏழு. ஆறு, ஏழு. ஏழு, இரண்டு, அதுவும் பங்குனியில் மட்டும். எட்டில் சைப்ரஸ் மர நிழல், ஐந்து போதும். ஒன்பது வெயில் பார்த்தது, பதினொன்று. திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஐந்து மணிக்குப் பெண்கள் குறுக்கே வருவார்கள், சேலை நனைந்தால் வாயில் வந்ததெல்லாம் பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சேலை நனைந்ததில்லை.

என்ன, ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

ஓ.

இல்லை சார். அதெல்லாம் வேண்டாம்.

நீங்கள் சொல்வது புரிகிறது. இயக்குவதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் அவசியம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவீர்கள், என் பெயரைப் போடுவீர்கள், உங்கள் கம்பெனி சொன்னால் நகராட்சி கேட்கும். பெரிய மனசு உங்களுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்களைக் கூட்டிவரப் போனவன் நான். வழியெல்லாம் பேசிப்பேசி உங்கள் மனசைக் கரைத்து வேலையை வாங்கிக்கொண்டான் என்று ஆகாதா? பதினேழு ஊருக்கு நல்லது என்று நானூறு பேர் முன்னால் சொன்ன வாய் சார் இது. ஊர் என்ன நினைக்கும்?

பெயர் வேண்டாம். அந்த நிமிஷக் கணக்குக்குக் கீழே ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், உள்ளூர் ஆள் சொன்னது என்று போடுங்கள். அது போதும்.

அதோ செக்போஸ்ட். அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்ட்தான். பெட்டியை நானே தூக்கிவருகிறேன், நீங்கள் எலுமிச்சையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடை ஓரத்தில் பச்சைக் குடை தெரிகிறதா? அவள்தான். இன்றைக்கு ஷெட்டில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

சார், ஒரு சின்ன உதவி. இறங்கினதும் நேராக உங்களிடம் வந்து கேட்பாள். நான் கேட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன் என்று சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள்தான் முடியாது என்றுவிட்டீர்கள்.

முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்ளுங்கள் சார். இப்படி இருந்தால் நம்பமாட்டாள்.